மஞ்சக்குப்பம் எட்டாத மூன்று வாரம்

ரிப்போர்ட் கவுன்ட்டரில் உட்காருகிறவளுக்குக் கம்ப்யூட்டர் தெரிகிறதோ இல்லையோ, 'இன்னும் வரலைங்க' என்பதை நாற்பது விதமாகச் சொல்லத் தெரிய வேண்டும். 2009-இல் சிதம்பரம் மேலவீதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கிளையில் எனக்கு அந்த வேலை. என்னோடு வேலை பார்த்த ஹசீனா ரத்தம் எடுப்பாள். அது கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் பெரிய லேபுக்குப் போகும். முடிவை அங்கே கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். நான் இங்கே திறந்து அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். நடுவில் இருப்பது வி.பி.என்., இன்டர்நெட்டுக்குள் எங்களுக்கு மட்டும் போட்ட தனிப்பாதை. அந்தப் பாதை மூன்று வாரம் அடைபட்டது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய என் வேலையும் அதோடு போயிருக்க வேண்டியது. திரையில் 'கனெக்டிங்' என்ற ஒரே சொல்லைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

பஸ் வந்தது, ஊருக்குள் வரவில்லை

முதல் நாள் காலையில் இன்டர்நெட் நன்றாக இருந்தது. செய்தி வருகிறது, ராசிபலன் வருகிறது, லேப் மட்டும் வரவில்லை. புவனகிரியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் சர்க்கரை ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தார். அவரிடம் நெட் இருக்கு, ஆனா லேப் கிடைக்கலை என்றேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்து அதையே நாலு முறை சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பஸ்சு மெயின் ரோடு வரைக்கும் வந்துடுச்சு, ஊருக்குள்ளதான் வரமாட்டேங்குதுன்னு சொல்லும்மா, புரியும். நெட்டு கிட்டுன்னா எனக்கு என்ன தெரியும்?"

ஐந்தாவது விளக்கு

கடலூரில் எங்கள் கம்ப்யூட்டர்களைக் கவனிப்பவர் ஆரோக்கியராஜ். முப்பது வயசு, பொறுமைசாலி. அந்த வாரம் ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் நாலு வரி இங்கிலீஷ் வந்தது. போனில் கேட்டேன். வேறு அவசரத்தில் இருந்தார். அது ஒண்ணுமில்லை, எஃப்-ஒன் பட்டனை அமுக்கிட்டுப் போங்க என்றார். அமுக்கினேன். மறுநாளும் வந்தது, மறுநாளும் அமுக்கினேன்.

பிறகு மோடத்தில் எத்தனை விளக்கு எரிகிறது என்று கேட்டார். நாலு பச்சை, ஒரு சிவப்பு என்றேன். சிவப்பா என்றார், குரல் மாறிவிட்டது. அரை மணி நேரம் ஒயரைப் பிடுங்கினோம், செருகினோம். பச்சை நாலும் அணைந்து அணைந்து வந்தன, சிவப்பு அசையவில்லை. யார் கையும் படக்கூடாது என்று மோடத்தைச் சாமி படப் பலகையில் வைத்தவள் நான்தான். ஹசீனா வந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அது உங்க முருகர் பல்பு. அதுக்கும் கடலூருக்கும் சம்பந்தம் இல்லை."

கண்டக்டர் கொண்டுவந்த ரிப்போர்ட்

ரிப்போர்ட் இல்லாமல் டாக்டர் மருந்து எழுத மாட்டார். அதனால் கடலூரில் அச்செடுத்து, உறையில் போட்டு ஒட்டி, பஸ்சில் கொடுத்து அனுப்பினார்கள். நான் பஸ் ஸ்டாண்டில் நின்று, வரும் வண்டிகளின் நம்பரை எல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் உறை வந்தும் நம்பிக்கையில்லாமல் பெயர்களைச் சரிபார்த்தேன். கண்டக்டர் படியில் தொங்கியபடி கேட்டார்.

"ஏம்மா, உங்க கம்ப்யூட்டரை விட என் வண்டி சீக்கிரம் வருதுன்னு போர்டுல எழுதிக்கட்டுமா?"

அவர் உட்கார்ந்தால் வந்தது

ஆரோக்கியராஜ் நேரில் வந்தார். எல்லாவற்றையும் அழித்து விண்டோசைப் புதிதாகப் போட்டார். மஞ்சக்குப்பம் பளிச்சென்று திறந்தது. நிம்மதியாக வேலை பார்த்து, சாயந்தரம் வழக்கம்போல் மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் இல்லை. திரும்பவும் வந்தார், திரும்பவும் போட்டார், திரும்பவும் ஒரே நாள்.

மேனேஜர் போனில் அழைத்தார். குரலை உயர்த்தாமல் பேசினார். அதுதான் எனக்கு ஜாஸ்தி பயம்.

"ஆரோக்கியராஜ் உட்கார்ந்தா வருது, நீங்க உட்கார்ந்தா வரலை. திங்கக்கிழமை வரைக்கும் பாக்குறோம்மா. அப்புறம் டிகிரி படிச்ச பொண்ணு யாரையாவது போட்டுக்கிறோம்."

கிழிக்காத தாள்

வெள்ளிக்கிழமை. ராகு காலம் முடிந்த பிறகு ஆரோக்கியராஜுக்குப் போன் செய்தேன். திரையில் ஒரு பெட்டியைத் திறக்கச் சொல்லி, கடைசி வரியை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னார். இங்கிலீஷ் எழுத்து தட்டுத்தடுமாறித்தான் வரும். எண் எனக்குத் தடையில்லை. வரியின் தொடக்கத்தில் ஒன்று, ஒன்று, இரண்டாயிரத்து இரண்டு என்று இருந்தது.

அதைப் படித்ததும் நின்றுவிட்டேன். காலையில் தினசரி காலண்டரில் தாள் கிழிக்காமல் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. இதோ எதிரே ஏழு வருஷமாகக் கிழிக்காத ஒரு காலண்டர். தம்பி, இதுல தேதி தப்பா இருக்கே என்றேன். அவர் மெதுவாகக் கேட்டார், கறுப்புத் திரை இன்னும் வருதா என்று. தினமும் வருது, நீங்க சொன்ன மாதிரி எஃப்-ஒன் அமுக்குறேன் என்றேன். சாயந்தரம் மெயினை அணைக்கிறீங்களா என்றார். ஷார்ட் சர்க்யூட் ஆகிட்டா என்ன செய்வது, அணைக்காமல் எப்படிப் போவேன் என்றேன்.

விளக்கினார். உள்ளே தேதியை நினைவு வைத்திருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது. நான் மெயினை அணைத்ததும் கம்ப்யூட்டர் 2002-க்குப் போய்விடுகிறது. வி.பி.என். சாவியோ போன வருஷம் செய்தது. 2002-இல் அது பிறக்கவே இல்லை, கதவு எப்படித் திறக்கும்? விண்டோஸ் போடும்போது தேதி கேட்கும். அவர் பழக்கத்தில் சரியாகத் தட்டியிருக்கிறார், அதனால் அன்றைக்கு மட்டும் ஓடியது.

ரூபாய் நாணயம் போன்ற பேட்டரி. தெற்கு வீதி வாட்ச் கடையில் வாங்கினேன். கடைக்காரர் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"கடியாரம் நின்னா எல்லாரும் நேரா எங்கிட்டதான் வருவாங்க. நீங்க மூணு வாரம் சுத்திட்டு வந்திருக்கீங்க."

பண்ருட்டியிலிருந்து ஒரு போன்

பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தபின் திங்கட்கிழமை மஞ்சக்குப்பம் திறந்தது, செவ்வாயும் திறந்தது. நான் மெயினை அணைத்ததை ஆரோக்கியராஜ் மேனேஜரிடம் சொல்லவில்லை. எஃப்-ஒன் விஷயத்தை நானும் சொல்லவில்லை. டிகிரிப் பேச்சு அத்தோடு நின்றது. இரண்டு மாதம் கழித்துப் பண்ருட்டிக் கிளையிலிருந்து ஒரு பெண் கூச்சத்தோடு போனில் பேசினாள்.

"அக்கா, நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்களுக்கும் லேப் வரலை, ஆரோக்கியராஜ் சார் உங்களைக் கேக்கச் சொன்னாரு."

ஒரு கோளாறை உண்டாக்கவும் அதைக் கண்டுபிடிக்கவும் ஓயாமல் கவலைப்படுகிற ஒருத்தியே போதும் என்பதை மட்டும் அவளிடம் நான் சொல்லவில்லை.