நாலு எட்டு பின்னால்

அந்தப் பாஸ்போர்ட்டின் மேல்முனை கத்தரிக்கப்பட்டிருக்கிறது. காலம் முடிந்ததும் ஆபீசில் அப்படி வெட்டித்தான் திருப்பிக் கொடுத்தார்கள். உள்ளே என் வீட்டுக்காரரின் படம், பக்கத்திலேயே என் படம். அந்தக் காலத்தில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சேர்த்து ஒரே பாஸ்போர்ட் வாங்கிக்கொள்ளலாம். அது அவருடையது, நான் அவரோடு போகிறவள், அவ்வளவுதான். அவர் இல்லாமல் அதை வைத்துக்கொண்டு நான் எங்கும் போக முடியாது என்று டிக்கெட் ஏஜெண்டு சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது, அவர் இல்லாமல் நான் எங்கே போகப்போகிறேன் என்று. படத்தில் அவர் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார். நான் கோழி திருடி அகப்பட்டவள் மாதிரி விழிக்கிறேன். அம்பத்தூர் ஸ்டூடியோக்காரர் விளக்கைப் போட்டதும் பயந்துவிட்டேன்.

பயம் என் கூடப் பிறந்தது. வேலப்பன்சாவடியில் என் அம்மா வீடு ரோட்டை ஒட்டியே இருந்தது. லாரி போகும்போதெல்லாம் சுவரோடு ஒண்டிக்கொள்வேன். கல்யாணமாகி அம்பத்தூர் வந்த பிறகு ரயிலுக்குப் பயம், ஏரிக்கரையில் மாடு வந்தால் பயம். அவர் அங்கே தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கடைசல் பிடிக்கிற டர்னர். நல்ல உயரம், நடை வேகம். எங்கே போனாலும் அவர் முன்னால் போவார், நான் நாலு எட்டு பின்னால் வருவேன். எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்டாட்டிகளும் அப்படித்தான் நடந்தார்கள். சேர்ந்து நடந்தால் சிரிப்பார்கள். அவரும் திரும்பிப் பார்த்ததில்லை. திரும்பிப் பார்க்கும் ஆண்பிள்ளையையும் கேலி செய்வார்கள். "இன்னாத்துக்கு நடுங்கினு கீற? நான் முன்னால போறேன், நீ பின்னாடியே வந்துகினு இரு" என்பார். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே ஊரையெல்லாம் நடந்தேன். அவர் சட்டையின் பின்பக்கத் தையல் எனக்குத் தெரிந்த அளவுக்கு அவர் முகம் தெரியுமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எழுபதுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. மலேயாவில் வாழ்க்கைப்பட்டுப் போயிருந்த என் நாத்தனார், தம்பியைப் பார்த்து இருபது வருஷம் ஆகிவிட்டது, கண்ணை மூடுவதற்குள் வந்து போங்கள் என்று கடிதம் போட்டு, இரண்டு பேருக்கும் கப்பல் டிக்கெட்டும் அனுப்பிவைத்தார். மூன்று மாதம் இருந்து ஊரெல்லாம் சுற்றிப் பார்க்க வேண்டுமாம். கம்பெனியில் லீவு கொடுத்துவிட்டார்கள். கொடுக்க மாட்டார்கள் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

கப்பலில் ஏழு நாள். துறைமுகத்தில் ஏணி ஏறும்போது பலகை இடுக்கு வழியே கீழே தண்ணீர் தெரிந்ததும் எனக்குக் கால் எழும்பவில்லை. பின்னால் வந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அவர் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் நான் வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. கடலை நான் பார்க்கவே இல்லை. கீழ்த்தட்டில் பாயை விரித்துப் போட்டு, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். கப்பல் ஒரு பக்கம் சாயும்போதெல்லாம், இது இனி நிமிராது என்று முடிவே செய்துவிடுவேன். அவர் மேல்தட்டில் நின்று பறக்கும் மீனைப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்வார்.

நாத்தனார் வீடு பட்டர்வொர்த்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. தம்பியைக் கட்டிக்கொண்டு அவர் அழுத அழுகையைப் பார்த்து, வந்தது நல்லதுதான் என்று நினைத்தேன். பத்து மலை முருகன் கோயிலுக்குப் படியேறினோம், சிங்கப்பூர் வரை போய் வந்தோம். எல்லா இடத்திலும் அவர் முன்னால், நான் பின்னால். வந்த மறுநாளே நாத்தனார் ஒன்றைச் சொல்லியிருந்தார். "இந்த ஊர்ல அடையாளக் கார்டு இல்லாம யாரும் வாசலத் தாண்ட மாட்டாங்க. கையில ஒண்ணுமில்லாம மாட்டிக்கினா ஸ்டேஷன்ல உக்கார வச்சிருவாங்க. தம்பி, இவள வுட்டுட்டு எங்கயும் போயிடாத." அவர் பாஸ்போர்ட்டை ஒரு துணிப்பையில் போட்டு மார்புக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டார். பர்ஸும் விலாசம் எழுதிய சீட்டும் அதே பையில். என்னிடம் ஒரு கைக்குட்டை இருந்தது.

ஊருக்குத் திரும்பப் பத்து நாள் இருக்கும்போது, பினாங்கில் பாம்புக் கோயில் ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்காமல் போகக் கூடாது என்றார் நாத்தனார். சாமி மேடையில் உயிரோடு பாம்புகள் சுருண்டு கிடக்குமாம், யாரையும் ஒன்றும் செய்யாதாம். அன்றைக்கு நாத்தனாருக்குக் கால் வீக்கம், வர முடியவில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் கிளம்பினோம். தீவுக்குப் போகப் படகுத்துறையில் பெரிய படகு ஏற வேண்டும். சந்தைக்கூட்டம் மாதிரி ஜனம். அவர் வழக்கம்போல முன்னால் விறுவிறுவென்று போனார். எனக்குப் பாம்பு நினைப்பு. போகாமல் இருக்க ஏதாவது வழி உண்டா என்று யோசித்துக்கொண்டே நடந்ததில் நாலு எட்டு பத்து எட்டாகிவிட்டது. நடுவில் ஒரு சீனத்துப் பாட்டி இரண்டு கூடையோடு வந்தாள், நின்று வழி விட்டேன். அவளுக்குப் பின்னால் ஒரு குடும்பம். நிமிர்ந்தபோது அவருடைய முதுகு படகுக்குள் போய்க்கொண்டிருந்தது. கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

கூப்பிட்டிருக்கலாம். கம்பிக்கு அந்தப் பக்கம் முப்பது அடி தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். என்னவென்று கூப்பிடுவது? "இன்னாங்க" என்றேன். வீட்டுக்குள் அவரைக் கூப்பிட எனக்கு இருந்தது அந்த ஒரு சொல்தான். இன்னாங்க, இன்னாங்க என்று கத்தினேன். அந்தக் கூட்டத்தில் எந்த ஆம்பளை அதற்குத் திரும்புவான்? படகு ஊதிக்கொண்டு நகர்ந்தது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அந்தத் துறையில் நின்றபோது வந்த பயத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. சுற்றிலும் புரியாத பேச்சு. அவர் அந்தக் கரையில் என்னைத் தேடி எங்காவது போய்விட்டால்? நாத்தனார் வீடு எங்கே என்று கேட்டால் ரப்பர் மரம் நிறைய இருக்கும் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடியும். ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள். கப்பல் போய்விடும். நான் இன்னார் என்று சொல்கிற ஒரே காகிதம் தண்ணீரின் மேல் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

நான் அழுவதைப் பார்த்து, காக்கி உடுப்புப் போட்ட தமிழர் ஒருவர் வந்தார். துறையில் வேலை செய்பவர். என்னைக் கண்ணாடி வைத்த அறைக்கு அழைத்துப் போய் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். மேசையில் ஒலிபெருக்கியில் பேசுகிற மைக் இருந்தது. "அழாதீங்கம்மா. அடுத்த படகுல திரும்பி வந்துருவாரு. கூப்பிட்டுப் பாக்கலாம், பேரச் சொல்லுங்க" என்றார்.

கட்டினவர் பெயரை வாயால் சொன்னால் அவருடைய ஆயுசு குறையும் என்று அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். எட்டு வருஷத்தில் ஒரு தடவை சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூடப் பக்கத்துவீட்டுக்காரி எனக்காகச் சொல்லுவாள். "திருப்பதி சாமி பேருங்க" என்றேன். அந்த மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, படகு திரும்பி வந்து கரை சேர்ந்ததும் மைக்கில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இல்லை என்று தலையாட்டினேன். இன்னொன்றைக் கூப்பிட்டார். அதுவும் இல்லை. அந்தச் சாமிக்கு எத்தனை பெயர்! இதற்குள் ஜனம் இறங்கத் தொடங்கியது. காக்கி உடுப்புக்காரர் எழுந்து, "சொல்லலன்னா நான் போலீசுலதான் ஒப்படைக்கணும், கையில உங்களுக்கு ஒண்ணுமே இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அப்போது கண்ணாடி வழியே அந்த முதுகைப் பார்த்தேன். இறங்குகிறவர்கள் போகிற வழி வேறு. அந்தக் கூட்டத்தில், பஸ் நிற்கிற பக்கமாக, ஓட்டமும் நடையுமாக அவர் வெளியே போய்க்கொண்டிருந்தார். இன்னும் நாலு எட்டு வைத்தால் வாசல், அதற்கப்புறம் ரோடு. அவர் ஆயுசா, நானா என்று யோசித்தேன் என்றால் பொய். யோசிக்கவே இல்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் பெயரைச் சொன்னேன். படகுத்துறை முழுக்க என் குரலில் அந்தப் பெயர் கேட்டது. சட்டைத் தையல் நின்றது. அவர் திரும்பினார்.

அழுதிருந்தார். முகம் வீங்கியிருந்தது. அறைக்கு வந்து காக்கி உடுப்புக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டார். பாம்புக் கோயிலுக்குப் போகாமலே வீடு திரும்பினோம். பஸ்ஸில்தான் சொன்னார்: "ரெண்டு தபா எவன் பேரோ கூப்டாங்க. எவனோ பொஞ்சாதியத் தொலச்சுட்டான், என்னாட்டம் ஒருத்தன்னு நெனச்சுகினே போனேன்." நான் பெயரைச் சொன்னது பற்றிப் பேசவே இல்லை. கப்பலில் திரும்பி வரும்போது ஒரு நாள் என் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னொரு தபா சொல்லேன்" என்றார். மாட்டேன் என்றேன். ஒரு தடவை சொன்னதற்கே எத்தனை வருஷம் குறைந்ததோ என்று நான் கணக்குப் போட்டுப் பயந்துகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் பத்து எட்டுக்கு ஒரு தரம் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார். அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் போனாலும் சரி, மார்க்கெட்டுக்குப் போனாலும் சரி. கம்பெனி ஆட்கள் விடவில்லை. "இன்னா அண்ணாத்தே, அண்ணிய எவனாச்சும் தூக்கினு பூட்டானா?" என்பார்கள். "ஒரு தபா பூட்டானுங்க" என்று சிரித்துவிட்டு மறுபடியும் திரும்பிப் பார்ப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். மறு வருஷம் மகள் பிறந்தாள். அவளைத் தோளில் வைத்துக்கொண்டும் திரும்பிப் பார்ப்பார். எப்போதாவது என்னைச் சீண்ட வேண்டுமென்றால், "இன்னொரு தபா" என்று மட்டும் சொல்வார். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோதும் சொன்னார். சும்மா இருங்கள் என்று அதட்டினேன். அந்த நேரத்தில் அவருடைய ஆயுசில் ஒரு நாளைக்கூட விட்டுக்கொடுக்க எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் வழக்கத்தில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். பறைச் சத்தத்தோடு அவரைக் கொண்டுபோனார்கள். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் ரோட்டுத் திருப்பத்தை நெருங்கிவிட்டார்கள். இனிமேல் குறைவதற்கு ஆயுசில் ஒன்றும் மிச்சமில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பெயரை வாய்விட்டுச் சொன்னேன், சத்தமாக, இரண்டு தடவை. பறையடித்தவர்கள்கூட ஒரு நொடி நிறுத்தினார்கள். பிறகு திருப்பத்தில் வளைந்து போய்விட்டார்கள்.

இப்போது அந்த ரோட்டைத் தாண்ட எனக்குத் துணை வேண்டும். பஸ்ஸும் வண்டியும் விடாமல் வருகின்றன, முன்னால் முதுகு இல்லை. சாயங்காலங்களில் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுக்கிறேன். படங்களுக்கு மேலே இங்கிலீஷில் அவர் பெயர் இருக்கிறது. எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது, எந்த இடம் என்று தெரியும். விரலை வைத்து, அவர் கேட்டபடி ஒரு தபா சொல்லிவிட்டுத்தான் மூடுகிறேன். இங்கே அதை எழுத மட்டும் இன்னும் கை வரவில்லை.