பார்க்கிங் வரை வரலாறு

பாரிஸில் ஈழத்தமிழர் கடைத்தெருவான லா சப்பலில் மகாலிங்கண்ணையைத் தெரியாத ஒருவர் இருந்தால், அவர் நேற்றுத்தான் வந்து இறங்கியவராக இருக்க வேண்டும். கிழமை நாட்களில் அண்ணை பொபினியில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். கோடை பிறந்ததும் ஒரு மைக்கையும் வெள்ளைத் தொப்பியையும் எடுத்துக்கொண்டு பஸ் சுற்றுலா நடத்தும் வரலாற்று அறிஞர் ஆகிவிடுவார். நான் வேலை செய்யும் சேலைக் கடையின் கண்ணாடியில் அவருடைய சுவரொட்டி தொங்கும்: 'ஆல்ப்ஸ் மலையும் அரண்மனைகளும். மூன்று நேரமும் எங்கட சாப்பாடு.' அதில் இத்தாலியக் கோட்டை ஒன்று தீப்பெட்டி அளவில் இருக்கும். அதைவிடப் பெரிதாக அண்ணையின் முகம். இரண்டையும் விடப் பெரிதாக ஒரு தட்டு ஆட்டிறைச்சிக் கறி. பயணச் சீட்டை விற்பவள் நான் என்பதால் சனம் எதைப் பார்த்து வருகிறது என்று எனக்குத் தெரியும். கோட்டை எந்தக் காலத்தது என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. கறி எலும்போடா என்று கேட்காதவரும் இல்லை.

அண்ணையின் சுற்றுலாவில் நடப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் ஆட்கள் யாராவது காரணமில்லாமல் நடந்து போனால், வழியில் கண்டவர்கள் சுகர் எவ்வளவு என்றுதான் விசாரிப்பார்கள். ஆகவே பஸ் நிற்கும் பார்க்கிங்கில் இறங்கி, கோட்டையின் முதல் சுவர்வரை போய், எல்லோரும் நின்று ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். உள்ளே போக ஆசைப்பட்டவர்களிடம், உள்ளே ஒன்றுமில்லை, எல்லாம் கல்லுத்தான் என்று அண்ணை சொல்லிவிடுவார். கல்லைக் காட்டக் கூட்டிக்கொண்டு போகிற மனிதர் வாயிலிருந்து வருகிற வசனம் இது. ஆனால் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அவரும் ஒரு கோட்டைக்குள்ளும் போனதில்லை.

அந்தக் கறிக்குச் சொந்தக்காரி பூரணி அக்கா. மகாலிங்கண்ணையின் மனைவி. ஓட்டல் ஒன்றில் அறைகள் துப்புரவாக்குகிறார். பயணம் என்றால் வியாழக்கிழமையே வில்லியே லே பெல்லில் உள்ள அவர்களுடைய வீட்டில் வெங்காயம் உரிக்கத் தொடங்கிவிடுவார். கறியைப் பாதி அவித்துப் பெட்டியில் ஏற்றுவதும், போன இடத்தில் கேஸ் அடுப்பு மூட்டிச் சோறு வடித்துக் கறியை முடித்து இறக்குவதும் அவர் பொறுப்பு. அதனால் அக்கா ஐரோப்பா முழுவதும் பார்த்தவர், பார்க்கிங் பார்க்கிங்காக. எந்த நாட்டுப் பார்க்கிங்கில் தண்ணீர்க் குழாய் உண்டு, எங்கே மரநிழல் விழும், எங்கே காற்றுக்கு அடுப்பு அணையும் என்று கேளுங்கள், சொல்லுவார். பீசாவின் சாய்ந்த கோபுரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. பஸ்ஸுக்குப் பின்னால் நின்று பரிமாறியவருக்கு அது தெரியாது.

அப்படிப்பட்ட அக்காவுக்கு ஒரு ஆசை வந்தது. இத்தாலியின் வடமேற்கு மூலையில், ஒஸ்தாப் பள்ளத்தாக்கில், பார்ட் என்றொரு ஊர் இருக்கிறது. ஆற்றுக்கு மேலே ஒரு பாறை, பாறை முழுக்கக் கோட்டை. முந்தைய பயணத்தில் கீழே சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, கையில் தடியோடும் முதுகில் பையோடும் சனம் அந்தப் பாறையில் வளைந்து வளைந்து ஏறிப் போவதை அக்கா பார்த்திருக்கிறார். கிழவிகள்கூடப் போனார்களாம். அன்றிலிருந்து அந்த வளைவுகளின் முடிவில் என்ன இருக்கிறது என்று பார்த்தேயாக வேண்டும் என்றிருந்தார். அவருக்கு முழங்கால் தேய்ந்துபோய், மாற்றுவதற்கு அடுத்த மார்ச்சில் நாளும் குறித்தாயிற்று. அதற்குப் பிறகு மலையேறுவது சரிவராமல் போகலாம் என்ற பயம் வேறு. போன ஜூலையில் மறுபடி அதே பள்ளத்தாக்கு என்று தெரிந்ததும், நடைக்கென்று ஒரு சோடி சப்பாத்து வாங்கினார். அண்ணை அதைப் பார்த்துவிட்டு, கறி கிண்டுவதற்கும் சப்பாத்து விற்கிறார்களா என்று கேட்டாராம். அக்கா அதை அரிசி மூட்டைக்கு அடியில் வைத்துவிட்டார்.

அந்தப் பயணத்துக்கு நானும் போனேன். இத்தாலிக்குப் போகும் மொன் பிளாங் மலைச் சுரங்கத்தால் பஸ் வெளியே வந்ததும் அண்ணை மைக்கைப் பிடித்தார். ஹனிபால் என்கிற தளபதி யானைகளோடு இந்த மலைகளைத் தாண்டினான், அந்த யானைகள் எங்கட வன்னிக் காட்டிலிருந்து போனவை என்றார். ஆதாரம் என்ன என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். பின்னே யானைக்கு வேறு எங்கே போவான் என்று அண்ணை திருப்பிக் கேட்டார். பஸ்ஸில் கைதட்டல் எழுந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சும்மா சொன்னதல்ல.

இரவு ஒஸ்தா நகரில் தங்கிவிட்டு, மறுநாள் ஃபெனிஸ் என்ற இடத்து அரண்மனைக்குப் போனோம். சுவர் ஓவியங்களும் சுற்றுப் படிக்கட்டும் உள்ளே இருப்பதாக வாசலில் எழுதியிருந்தது. எங்கள் படம் வாசலிலேயே நன்றாக வந்தது. மதியத்துக்குப் பார்ட் பார்க்கிங்கில் பஸ் நின்றது. சாரதி செபஸ்டியன் பாண்டிச்சேரிக்காரர், சட்டத்தை மதிக்கிறவர். மாலை பாரிஸுக்குப் புறப்பட வேண்டும் என்பதால் தன்னுடைய ஓய்வு இப்போது தொடங்குகிறது, ஒரு மணித்தியாலத்துக்கு வண்டி அசையாது என்று அறிவித்துவிட்டுக் கதிரையைச் சாய்த்தார். அக்கா அடுப்பை இறக்கிப் பானையைத் தூக்கி வைத்தார்.

அப்போதுதான் நகராட்சிக் காவலர் வந்தார். இங்கே நெருப்பு மூட்டக் கூடாது என்று இத்தாலிய மொழியில் சொன்னார். அண்ணை புன்னகையோடு, இத்தாலியன் தெரியாது என்று கையை விரித்தார். அந்தப் பள்ளத்தாக்கில் பிரெஞ்சும் அரச மொழி என்பது அறிஞருக்குத் தெரியாது. காவலர் அதையே அழகான பிரெஞ்சில் திருப்பிச் சொன்னார். பாரிஸில் இத்தனை வருடமாகப் பிரெஞ்சைக் கண்டால் ஒதுங்கிப் போன மனிதரை அது மலையடிவாரம்வரை துரத்தி வந்து பிடித்துவிட்டது. சிலிண்டர் மூடப்பட்டது. பஸ் நிறையச் சனம், பாதி வெந்த கறி, ஊறப்போட்ட அரிசி, நகராத வண்டி.

எல்லோரும் அண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அக்கா பானையை மூடினார். ஏப்ரனைக் கழற்றி மடித்தார். அரிசி மூட்டையின் அடியிலிருந்து சப்பாத்தை எடுத்துப் போட்டுக் கயிறு கட்டினார்.

"பூரணி, சனம் பசியோட நிக்குது. நீர் எங்கை வெளிக்கிடுறீர்?" என்றார் அண்ணை.

"அடுப்பு இல்லாத இடத்தில எனக்கென்ன வேலை? ஏறிப் பாத்திட்டு வாறன்."

நானும் கூடவே கிளம்பினேன். கோட்டைக்குப் போகக் கண்ணாடி லிப்ட் வைத்திருந்தார்கள். முழங்காலை நினைத்து, அதில் போவோமே அக்கா என்றேன். தான் பார்க்க வந்தது வழியைத்தான், லிப்டில் ஏறினால் எதைப் பார்ப்பது என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஒடுங்கிய கல் தெரு, பழைய வீடுகள், பிறகு சாய்வான பாதை. அக்கா ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கினார். நின்ற இடமெல்லாம் சுவரைத் தடவிப் பார்த்தார். இருநூறு வருடத்துக்கு முன்னால் நெப்போலியனின் படையைச் சில நூறு பேர் இந்தப் பாறையில் இருந்து இரண்டு கிழமை மறித்து வைத்திருந்தார்கள் என்று ஒரு பலகையில் இருந்ததை வாசித்துச் சொன்னேன். அக்கா சிரித்தார். அவ்வளவு பேருக்கும் கீழே யார் சமைத்தார்கள் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டார். எழுதவில்லை. பாதி வழியில் மரங்கள் விலகி, ஆறும் எதிர்மலையின் திராட்சைத் தோட்டப் படிகளும் தெரிந்தன. அக்கா சுவரில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தார். அவருடைய முகம் இவ்வளவு இளமையாக இருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. செபஸ்டியனின் ஓய்வு முடிகிறது, ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டக்கூடிய இடம் கிடைத்துவிட்டது, உடனே வரவேண்டும் என்றார் அண்ணை. பச்சைப் பிள்ளைகள் பசியில் அழுகிறார்களாம். நான் கீழே எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் எல்லாம் வரிசையாக நின்று ஐஸ்கிறீம் தின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளைத் தொப்பி ஒன்றுதான் மூடிய பானையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

அக்காவும் அதைப் பார்த்தார். மேலே இன்னும் சில வளைவுகள் இருந்தன. அவற்றையும் பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார். எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. யாரில் வந்தது என்பதுதான் குழப்பம். பாதி அண்ணையில், மீதி அக்காவில்.

ஆற்றங்கரையில் சமையல் முடிந்தது. அன்றைய கறி போல என்றைக்கும் இல்லை என்று சனம் புகழ்ந்தது. திரும்பும் வழியில் மைக்கில் பேசியவர்கள் எல்லோரும், இந்தப் பள்ளத்தாக்கின் வரலாறு தங்களை மிகவும் கவர்ந்துவிட்டது என்றார்கள். அக்கா கடைசி ஆசனத்தில் கழுவின பானைகளோடு இருந்தார்.

இந்தத் தை மாதம் புதிய சுவரொட்டி வந்தது. சனத்தின் வேண்டுகோளுக்கு இணங்க மே மாதம் மீண்டும் அதே பள்ளத்தாக்கு. இம்முறை ஒரு முன்னேற்றம்: 'பூரணி அக்காவின் கைப்பக்குவத்தில்' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைத் தன் மனைவிக்குச் செய்த பெரிய மரியாதை என்று அண்ணை என்னிடம் விளக்கினார்.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்த அக்கா, கண்ணாடிக்கு வெளியே நின்று சுவரொட்டியை ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். பிறகு உள்ளே வந்து பணப்பையைத் திறந்து ஒரு சீட்டுக் கேட்டார். ஆருக்கு என்று கேட்டேன். தனக்குத்தான் என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முழங்கால் சத்திரசிகிச்சையை ஜூனுக்குத் தள்ளிப் போட்டுவிட்டாராம்.

"உங்களுக்கு எதுக்கக்கா சீட்டு? அண்ணையின்ர பஸ்தானே?"

"சும்மா ஏறினா அவர் என்னைப் பானையோட இறக்கிவிடுவார். காசு குடுத்து வாற சனத்தை அவர் ஒருநாளும் சமைக்கச் சொல்லேல்லை. நீ பேரை எழுதம்மா."

எழுதினேன். பயணிகளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்பதில் அண்ணை கண்டிப்பானவர். சனிக்கிழமை பெயர்களைப் பார்க்க வந்தவர், அக்காவின் பெயரில் விரலை வைத்து நிறுத்தினார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கடையில் வேறு ஆட்கள் இல்லை என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"தங்கச்சி, ஆட்டிறைச்சிக்கு உப்பு எப்ப போடுறது?"