சுலபமாக உருண்ட எஃகு

அப்பா இல்லாமல் ஓராண்டு போய்விட்டது. எப்படிப் போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் கடைசி வரை தவித்த ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது அம்பாசமுத்திரத்தில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, சித்தப்பா வீட்டில் தங்கி உலோகவியல் படித்தார். எஃகு ஆய்வகம் ஒன்றில் வேலை கிடைத்து டெல்லிக்கு வந்தார். முதலில் கரோல் பாகில் வாடகை வீடு, பிறகு ஜனக்புரி. யாரையும் கடிந்து பேசமாட்டார். ஆனால் தோசைக்கல் வாங்கப் போனால் கடையிலுள்ள அத்தனை கல்லையும் தட்டிப் பார்ப்பார். அம்மா வெட்கப்பட்டு அடுத்த கடையில் போய் நின்றுகொள்வார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், லாரியின் அடிச்சட்டத்துக்கான எஃகு ஒன்றை வடிவமைக்கத் தொடங்கினார். தகடு மெலிய வேண்டும், வலு கூட வேண்டும். அதற்காக நியோபியம் என்ற உலோகத்தைச் சிட்டிகை அளவு சேர்த்தார். எஃகுப் பாளம் உலையில் வழக்கத்தைவிடக் கூடுதல் சூட்டில் காய்ந்தால்தான் நியோபியம் அதில் கரையும். கரைந்துவிட்டால், நசுக்கித் தகடாக்கும் உருளைகளுக்குப் பாளம் லேசில் பணியாது; உருளைகளைச் சுழற்றும் மோட்டாரே திணறும். தகடு வலுவாக இருக்கும். முதல் சோதனைகளில் ஓரம் வெடித்தது. கலவையை மாற்றி மாற்றியே ஆண்டுகள் ஓடின. கடைசியாக ஒரு சோதனைக்கு அனுமதி கிடைத்தது. தவறினால் திட்டத்தை மூடிவிடுவார்கள். அதற்குள் அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. உடன் வேலை செய்த சுந்தரம் மாமாதான் ஆலைக்குப் போனார்.

அங்கிருந்து போன் வந்தது.

"சார், ஓரம் வெடிக்கல. சப்பாத்தி மாவு மாதிரி உருண்டுச்சு. இங்க எல்லாரும் 'பஹுத் படியா'ன்னு கை குடுக்கறாங்க."

அம்மா விளக்கேற்றப் போனார். அப்பாவின் முகம் வெளிறிப்போனது.

"மோட்டாரு திணறலையா?"

"இல்ல சார். சாதா ஸ்டீல் மாதிரியேதான்."

"அப்போ உலைல சூட்டக் கொறைச்சிட்டாங்கய்யா. லேசா உருண்டா அது நம்ம ஸ்டீல் இல்ல."

அப்படித்தான் நடந்திருந்தது. உருளை மாட்டத் தாமதமாகவே, உலை எரிக்கும் எண்ணெய் வீணாகிறதே என்று உலைக்காரர்கள் வழக்கம்போல் சூட்டைத் தணித்துவிட்டார்கள். உருளைப் பக்கம் நின்ற மாமாவுக்கு அது தெரியவில்லை. வலுச் சோதனையில் தகடு தேறவில்லை, திட்டம் மூடப்பட்டது.

ஒரு பாளம் மிச்சமிருந்தது. அதை உருட்டச் சொல்லி அப்பா படுக்கையிலிருந்தே மன்றாடினார். அவர் சொன்னவர்களுக்கெல்லாம் நான் போன் செய்தேன். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். யாரும் எதுவும் செய்யவில்லை. "ஒரு தடவ போதும்ட்டி" என்பார். வலியைவிட அதுதான் அவரைத் தின்றது. எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைசி நாளுக்கு முந்தின மாலை சுந்தரம் மாமா மருத்துவமனைக்கு வந்தார்.

"அந்த ஸ்லாப உருட்டிட்டோம் சார்."

"மோட்டாரு?"

"திணறிடுச்சு சார். நின்னுடுமோன்னு பயந்துட்டோம்."

அப்பா என் கையைப் பிடித்து, "கேட்டியாட்டி?" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அந்தப் பாளம் உருட்டப்படவே இல்லை. அதை வெட்டி, பழைய இரும்போடு உருக்கிவிட்டார்கள். அன்றே மருத்துவமனை வராந்தாவில் மாமாவே அழுதபடி சொன்னார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும், ரத்தம் கொடுத்த ஜனக்புரி நண்பர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாத மாடி வீட்டாருக்கும், அந்தப் பொய்யைச் சொன்ன சுந்தரம் மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதைப் படிப்பவர்களில் ஆலைகளில் பொறுப்பில் உள்ளவர்களும் இருக்கிறீர்கள். கலவை விவரம் மாமாவிடம் இருக்கிறது. சூட்டைக் குறைக்காமல் ஒரே ஒரு பாளம் உருட்டிக் கொடுங்கள். அப்பாவிடம் சொன்னது பொய்யாகவே இருந்துவிடக் கூடாது.