கறை நீக்கிய கைக்கடிகாரம்

என் மாமா தனக்கென்று ஒரு சட்டை வாங்கி நான் பார்த்ததில்லை. கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். அவர் சலவைக் கடை வைத்திருக்கிறார். கடையில் ஒரு துணி கெட்டுப்போனால், கொடுத்தவருக்குப் புதிதாக எடுத்துக் கொடுத்துவிட்டுக் கெட்டதைத் தானே உடுத்திக்கொள்வார். தோளில் இஸ்திரி சுட்ட தடம், வெளுத்துப்போன பாக்கெட் என்று அவருடைய ஒவ்வொரு சட்டையிலும் ஒரு விபத்து இருக்கும். "கெடுத்தது நாம. அப்ப நாமதான் போட்டுக்கணும்" என்பார்.

மற்றபடி கறை என்று ஒன்றைக் கண்டுவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. விருந்துக்குப் போன இடத்தில் எதிரே இருப்பவரின் காலரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவர் வீட்டில்தான் தாத்தாவின் கைக்கடிகாரம் இருந்தது. தாத்தா, அதாவது அத்தைக்கும் என் அப்பாவுக்கும் அப்பா, ஒரு முதலாளியிடம் கடைசிவரை கார் ஓட்டியவர். வேலையை விட்ட அன்று முதலாளி தன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்த தங்கக் கடிகாரம் அது. தாத்தா இறந்தபின் அத்தை அதை பீரோவில் வைத்து, தினமும் காலையில் எடுத்துச் சாவி கொடுப்பாள். வெள்ளையாக இருந்த டயல் தேநீர் சிந்திய துணிபோலப் பழுப்பேறியிருந்தது.

அப்பா அதை ஒரு வாட்ச் கடையில் காட்டினார். "புது டயல், முள்ளு எல்லாம் போட்டா பளிச்சுனு ஆயிடும். ஆனா பழைய பாகம் இருக்கிறவரைக்கும்தான் இதுக்கு மதிப்பு" என்றார் கடைக்காரர். அப்பா முதல் பாதியைப் பிடித்துக்கொண்டார். அத்தை இரண்டாம் பாதியை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா கேட்டார்:

"அழுக்குப் பிடிச்சு பீரோல கிடக்கணுமாக்கா? பளிச்சுனு கையில கட்டலாம்ல?"

"அது அழுக்கில்லடா. அப்பா பார்த்த முகம். மூஞ்சியை மாத்திட்டு அப்பா வாட்ச்னு எப்படிடா சொல்லுவ?"

"அப்ப உன் மூஞ்சிக்கு மட்டும் எதுக்குப் பவுடர்?"

அத்தை தட்டை வேகமாக வைத்தாள். அன்று அக்காவும் தம்பியும் பேசாமல் சாப்பிட்டார்கள். மாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டயலும் மாறக் கூடாது, பழுப்பும் போக வேண்டும். அவருக்கு அது தன் கடை வேலையாகவே தோன்றிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது, மடித்த சட்டையைப்போல் காகிதத்தில் சுற்றி, டோக்கன் குத்திய ஒரு பொட்டலத்தை அத்தையிடம் நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் கண் மட்டும் சிரிக்கவில்லை.

அத்தை பிரித்தாள்.

டயலில் எழுத்தே இல்லை. எண்கள், கோடுகள், கம்பெனி பெயர் எதுவும் இல்லை. மொட்டைத் தகட்டின்மேல் மூன்று முட்கள் சுற்றிக்கொண்டிருந்தன. தெரிந்த ஒருவர் கண்ணும் மூக்கும் இல்லாமல் எதிரே வந்து நின்றதுபோல இருந்தது.

"என்ன பண்ணீங்க?" என்றாள் அத்தை.

"மை எடுக்கிற மருந்துதான்... பஞ்சுல லேசாத்தான் தொட்டேன். பழுப்பு போச்சு. கூடவே..." அன்று காலை அத்தை சாவி கொடுத்து வைத்தபின் எடுத்துப்போய், பட்டன் பிரிக்கும் கத்தியால் கண்ணாடியை நெம்பித் திறந்திருக்கிறார். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கணும்னுதான்."

அப்பாதான் மெல்லச் சொன்னார்: "இனி வேற வழியில்லக்கா. புது டயல் போட்டுடலாம்."

"ஒருத்தரும் தொடக் கூடாது."

அத்தை மாமாவின் இடது கையை இழுத்தாள். அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். கடிகாரத்தை அவர் மணிக்கட்டில் வைத்து வாரை இறுக்கினாள்.

"வேணாம்மா, உங்க அப்பாவோடது..."

"கெடுத்தது யாரு?"

மாமா தன் சட்டைத் தோளிலிருந்த இஸ்திரித் தடத்தைப் பார்த்தார்.

"அப்ப யாரு போட்டுக்கணும்? உங்க கடைச் சட்டம்தானே?"

அன்றிலிருந்து அதைக் கட்டிக்கொண்டுதான் மாமா கடைக்குப் போகிறார். வாடிக்கையாளர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு, நம்பாமல் மறுபடி குனிந்து பார்க்கிறார்கள். நான் இன்னும் நேராகப் பார்ப்பதில்லை. அத்தை வீட்டில் சுவர்க் கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது. இருந்தாலும் அவள் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்.

"ஏங்க, மணி என்ன?"

மாமா கையைத் திருப்பி, எண் இல்லாத அந்தத் தகட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.