முகத்துக்குப் பதில் மலை

ஊராருடைய ரகசியத்தை ஒரு மணி நேரத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாத முகத்தோடு திருப்பிக் கொடுக்கிற தொழிலுக்குத்தான் செல்போன் ரிப்பேர் என்று பெயர். போனைக் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, டீக்கடை வாசலிலிருந்து எங்கள் கடையையே பார்த்துக்கொண்டு நின்றவர்களில் நீங்களும் ஒருவர் என்றால், உங்கள் பயம் எனக்குத் தெரியும். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அதே பயத்தை நானும் அனுபவிக்கிறேன்.

கடை தேரடித் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. உள்ளே இரண்டு பேர். டிஸ்ப்ளே, பேட்டரி, சார்ஜிங் பின் எல்லாம் நான். போனுக்குள் இருக்கிற சர்க்யூட் போர்டு வேலை ஏழுமலை. ஓனர் சாயங்காலம் வந்து எட்டிப் பார்ப்பார். எனக்கு வீடு வேங்கிக்காலில், அப்பா அம்மாவோடு. நான் ஆண்களை விரும்புகிறவன். இது என் போனுக்கு மட்டும்தான் தெரியும்.

ரெண்டு கால்குலேட்டர்

ஆண்கள் ஆண்களைத் தேடிப் பேசிக்கொள்கிற ஆப் ஒன்று இருக்கிறது. யாராவது போனை வாங்கிப் பார்த்துவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்களுக்காக, அதன் படத்தை மட்டும் கால்குலேட்டர் மாதிரி மாற்றி வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. ஆகவே ஒரு போனில் இரண்டு கால்குலேட்டர் இருந்தால் எனக்கு விஷயம் புரிந்துவிடும். என் போனிலும் இரண்டு இருக்கிறது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். மல்லாட்டை அறுவடை முடித்துவிட்டு மனைவியையும் குழந்தையையும் கோயிலுக்குக் கூட்டி வந்த இடத்தில் போன் விழுந்து டிஸ்ப்ளே நொறுங்கிவிட்டது. புதுசு மாற்றிய பிறகு டச் வேலை செய்கிறதா என்று பார்க்க, லாக்கை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். அவருக்கு முகம் வெளுத்துப் போய்விட்டது. மனைவி நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்கிறார், இவர் உட்காரவே இல்லை. லாக்கை எடுத்தார். மேல் வரிசையில் ஒரு கால்குலேட்டர், கீழ் வரிசையில் ஒன்று. நான் பக்கத்தைத் தள்ளிவிட்டு, வெறும் சாமி படம் மட்டும் இருந்த இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

என்னிடமும் ரெண்டு இருக்குது என்று சொல்லிவிடலாமா என்று தொண்டை வரைக்கும் வந்தது. எல்லாக் கஸ்டமருக்கும் சொல்கிற வழக்கமான வார்த்தையைத்தான் சொன்னேன்: நாங்க டிஸ்ப்ளே மட்டும்தாங்க பாப்போம். அவர் படி இறங்கினார், மனைவியை முன்னால் போகச் சொன்னார், திரும்பி வந்து மெதுவாகக் கேட்டார்.

"நெஜமாவே டிஸ்ப்ளே மட்டும்தானே பாத்தீங்க?"

ஏழுமலை செய்திகள்

ஏழுமலை டிஸ்ப்ளேவோடு நிறுத்திக்கொள்கிற ஆள் இல்லை. செத்துப்போன போர்டுக்கு உயிர் கொடுப்பதில் அவனை அடிக்க இந்த ஊரில் ஆள் கிடையாது. ஆனால் உயிர் வந்த கையோடு உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டில் எனக்கு ஒலிபரப்புவான். யார் யாரோடு பேசுகிறார்கள், எந்த வாத்தியாருக்கு எந்த நடிகை பிடிக்கும் என்று எல்லாம் வரும். வேண்டாம்ப்பா என்றாலும் கேட்கமாட்டான்.

மற்றபடி நல்லவன். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ரிப்பேரான போன் மேஜையில் இருக்கும்போது அழைப்பு வந்தால் நாங்களே எடுத்து, போன் சர்வீஸில் இருக்கிறது, சாயங்காலம் பேசுவார் என்று சொல்லிவிடுவோம். இல்லாவிட்டால் வீட்டில் பதறிப் போய்விடுகிறார்கள். நான் அதை ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுவேன். ஏழுமலை ஆற அமரச் சொல்வான். நல்லாத்தாம்மா இருக்காரு, டீ குடிக்கப் போயிருக்காரு என்று அவனாகவே இரண்டு வார்த்தை சேர்த்துக்கொள்வான்.

ஒருநாள் ஒரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று சிரித்தான். இவன் எதுக்கு ரெண்டு கால்குலேட்டர் வெச்சிருக்கான், கூட்டறதுக்கு ஒண்ணு, கழிக்கறதுக்கு ஒண்ணா என்றான். அப்புறம் திறந்தே பார்த்துவிட்டான். நான் கையிலிருந்த போனின் பேட்டரியைப் பிடுங்குவதிலேயே குறியாக இருந்தேன். காது மட்டும் சுட்டது. என் போன் மேஜை மேலேயே கிடந்தது. அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். ஏழுமலை தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"நம்ம ஊர்லயும் இவனுங்க இருக்கானுங்களாடா சரவணா?"

பௌர்ணமி

அந்த ஆப்பில் ஆளுக்கு ஒரு கட்டம், அதில் அவர் படமும் எத்தனை தூரத்தில் இருக்கிறார் என்பதும் இருக்கும். சாதாரண நாளில் திறந்தால் முகம் காட்டுகிற பக்கத்து ஆள் என்று திண்டிவனத்தில் ஒருவரைக் காட்டும். ஊருக்குள் இருக்கிறவர்கள் எல்லாம் முகம் இல்லாத ஐந்தாறு கட்டங்கள். பௌர்ணமி வந்தால் போதும், கிரிவலத்துக்கு வருகிற கூட்டத்தோடு சேர்ந்து அதுவும் நிரம்பிவிடும். விபூதி பூசிய முகம், கண்ணாடி போட்ட முகம், பெங்களூர் முகம், சென்னை முகம். எல்லாம் மீட்டர் கணக்கில் பக்கத்தில். ஒரு நாளைக்கு நானும் மனிதர்களுக்கு நடுவில் இருக்கிறேன் என்று தோன்றும். சந்தோஷப்படுவதற்குள் பயம் வந்துவிடும். இத்தனை பேர் எனக்குப் பக்கத்தில் என்றால், அவர்களுக்கும் நான் பக்கத்தில்தானே.

ஒரு பௌர்ணமி சாயங்காலம் சார்ஜ் ஏறவில்லை என்று சென்னைக்காரர் ஒருவர் வந்து நின்றார். பின்னில் வேர்க்கடலைத் தோல் மாதிரி ஏதோ அடைத்திருந்தது. சுத்தம் செய்து கொடுத்தேன். அவர் போனைத் திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். என் கட்டம் அவருக்குப் பூஜ்ஜியம் மீட்டரில் காட்டியிருக்க வேண்டும். நான் என் போனை எடுத்து ரப்பர் விரிப்புக்கு அடியில் தள்ளினேன். பக்கத்தில் ஏழுமலை. எனக்கு வியர்த்துக் கொட்டுவதை அவர் கவனித்துவிட்டார். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பயப்படாதீங்க பிரதர். நான் காலையில கிளம்பிடுவேன்."

நானே கேட்டாலும்

வங்கியில் வேலை பார்க்கிறவர் ஒருவர் புதுப் போனோடு வந்தார். பழசு எங்கே என்று கேட்டதற்கு, போயிடுச்சு என்றார். கடையில் நான் மட்டும் இருந்ததால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஆப்பில் ஒருவன் மாதக் கணக்கில் அன்பாகப் பேசியிருக்கிறான். பைபாஸ் பக்கம் பார்க்கலாம் என்று கூப்பிட்டிருக்கிறான். போனால் அங்கே மூன்று பேர். போனைப் பிடுங்கிக்கொண்டு, வீட்டுக்குச் சொல்லிவிடுவோம் என்று மிரட்டி அனுப்பியிருக்கிறார்கள். போலீசுக்குப் போகலாமே என்றேன். போய் என்னன்னு சொல்றது என்று கேட்டார்.

புதுப் போனில் அந்த ஆப்பே வராதபடி செய்ய முடியுமா என்று கேட்டார். பூட்டுப் போடலாம், ஆனால் சாவி வார்த்தை உங்களிடம்தான் இருக்கும், நினைத்தால் திறந்துகொள்ளலாம் என்று விளக்கினேன். அது போதாது என்று தலையை ஆட்டினார். அந்த வார்த்தையை நானே போட்டு, அவரிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

"ஞாயித்துக்கிழமைங்கள்ல ரொம்ப கஷ்டமா இருக்கும். வந்து நானே கேட்டாலும் சொல்லாதீங்க."

மேற்குப் பக்கத்து மலை

எங்கள் ஊர்க்காரர்கள் அந்த ஆப்பில் செய்கிற தப்பு ஒன்று உண்டு, வேறு ஊர்க்காரர்களால் செய்யவே முடியாது. முகத்தை மறைக்க வேண்டும், ஆனால் கட்டத்தைக் காலியாக விடவும் மனசு வராது. மலையைப் படம் பிடித்துப் போட்டுவிடுவோம். எங்கள் மலை நிற்கிற இடத்துக்குத் தக்கபடி மாறித் தெரியும். கிழக்கே ஒரு மாதிரி, வேங்கிக்காலில் ஒரு மாதிரி, மேற்கே அடி அண்ணாமலையில் இன்னொரு மாதிரி. பிறந்ததிலிருந்து பார்க்கிறவனுக்கு அதை வைத்தே தெருவைச் சொல்ல முடியும். முகத்தை மறைக்கிறேன் என்று விலாசத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்போம்.

நானும் எங்கள் வீட்டு மாடியிலிருந்து எடுத்ததைத்தான் போட்டிருந்தேன். ஒருநாள் மேற்கு என்று பெயர் வைத்திருந்த ஒருவர், நீங்க வேங்கிக்கால்ல தண்ணி டேங்க் பக்கமா என்று கேட்டு எழுதினார். ஆப்பையே அழித்துவிட்டேன். இரண்டு நாள் மாடிக்குப் போகவில்லை. அப்புறம் தனிமை பயத்தை ஜெயித்துவிட்டது, மறுபடி ஏற்றினேன். அவர் கட்டத்திலும் மலைதான். உற்றுப் பார்த்துவிட்டு, நீங்க அடி அண்ணாமலைங்க என்று எழுதினேன். இப்போது அவர் காணாமல் போனார். திரும்பி வந்தபோது, ரெண்டு பேருமே மாட்டிக்கிட்டோம், இனிமே பேசலாம் என்று எழுதியிருந்தார்.

ஒரு வருஷத்துக்கு மேல் பேசினோம். தினமும் மத்தியானம் சாப்டீங்களா என்று வரும். அதற்குப் பதில் போட்டுவிட்டுத்தான் டிபன் பாக்ஸைத் திறப்பேன். பேர் தெரியாது, முகம் தெரியாது. என் அம்மாவுக்கு மூட்டு வலி என்பது அவருக்குத் தெரியும், அவருக்குத் தூக்கம் வராது என்பது எனக்குத் தெரியும். எனக்கென்று ஊரில் ஒருவர் இருக்கிறார் என்று அப்போதுதான் சொல்லிக்கொள்ள முடிந்தது. ஒருநாள் துணிந்து, பார்க்கலாமா என்று கேட்டுவிட்டேன். ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது.

"முகத்த பாத்துட்டா, அப்புறம் ரோட்டுல பாக்காத மாதிரி போவணும். அதுக்கு இதுவே தேவல."

செத்த போன்

வேங்கிக்காலிலிருந்து வண்டியில் வரும்போது நல்ல மழை. கடைக்கு வந்து பார்த்தால் என் போன் செத்துக் கிடந்தது. பேட்டரியை மாற்றிப் பார்த்தேன், பின்னை மாற்றிப் பார்த்தேன். போர்டில் தண்ணீர் இறங்கிவிட்டது. வேறு கடைக்கு எடுத்துப் போனால் ஏழுமலை காரணம் கேட்பான். அதற்குள் அவனே வந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டான், லாக் என்னடா என்று கேட்டான். சொன்னேன். இத்தனை வருஷம் எத்தனை பேரிடம் சர்வசாதாரணமாக அதைக் கேட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போய், டீக்கடை வாசலிலிருந்து எங்கள் கடையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் குனிந்திருந்தான். வெகு நேரம் கழித்துத் திரையில் வெளிச்சம் வந்தது. மணி ஒன்றரை இருக்கும், மேற்கு எழுதுகிற நேரம். ஏழுமலை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் ஏதோ தட்டினான். ஓனர் காதுக்குப் போகும், அங்கிருந்து அப்பா காதுக்குப் போகும், வேலை போகும், வீடு போகும் என்று நான் வரிசையாக நினைத்துக்கொண்டே போனேன். டீ ஆறிப்போனது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அன்றைக்குச் சாப்பாட்டில் ஒலிபரப்பு இல்லை. போனைத் துணியில் துடைத்து என் பக்கம் தள்ளியவன், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"டிஸ்ப்ளே மட்டும்தான் பாத்தேன்."

சாயங்காலம் பேசுவாரு

அவன் பார்க்காதபோது திறந்தேன். மேற்கிடமிருந்து மூன்று வரி வந்திருந்தது. சாப்டீங்களா. ஏன் பதில் இல்ல. பயமா இருக்கு. அதற்குக் கீழே, என் பெயரில் போயிருந்த பதில்: போன் சர்வீஸ்ல இருக்குங்க, அவரு நல்லாத்தான் இருக்காரு, சாயங்காலம் பேசுவாரு.

மேற்கு அங்கே இல்லை. மலை இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம்தான் இருந்தது. போன் மூன்றாவது ஆள் கையில் இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் கண்ணில் பட்டிருக்காது. கணக்கை அழித்துவிட்டுப் போய்விட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். கடைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். ஏழுமலை மேல் கோபப்படலாம் என்று பார்த்தால் அதுவும் வரவில்லை. என் வாழ்க்கையில் எனக்காக அப்படி ஒரு பதிலை யாரும் சொன்னதில்லை, சொன்ன ஒரே தடவை இப்படி ஆனது. மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் அவன் கேட்ட கேள்விக்கு, ஆமாம் என்று பொய் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு கால்குலேட்டர் போன் எத்தனையோ வந்துவிட்டது, அவன் எதையும் சொல்லிச் சிரிக்கவில்லை. அந்தக் காலையில் அவன் கேட்டது இதுதான்.

"நேத்து பாவம், ரொம்ப பதறிட்டாரு. பேசிட்டியா?"

கடை வாசல்

அடி அண்ணாமலைக்குப் போய், அவர் படத்து மலை எங்கிருந்து தெரிகிறது என்று மாடி மாடியாகப் பார்க்கலாம். அப்படித் தேடி அவரைக் காட்டிக்கொடுப்பதும் கொலை பண்ணுவதும் ஒன்றுதான். அதனால் வேறு ஒன்று செய்தேன். கடைப் படியில் நின்று ஒரு படம் எடுத்தேன். ராஜகோபுரத்தின் ஒரு தோள், அதற்குப் பின்னால் மலை உச்சி, ஓரத்தில் எங்கள் கடையின் நீலத் தார்ப்பாய். ஊர்க்காரன் யார் பார்த்தாலும் இந்தச் சந்துதான் என்று சொல்லிவிடுவான். அதைத் தெரிந்தே, அவர் மறுபடி வந்தால் என்னைக் கண்டுபிடிக்கட்டும் என்று என் கட்டத்தில் போட்டேன். அதன் பிறகு கடைக்குள் நுழைந்த ஒவ்வொரு ஆளைப் பார்த்தும் பயந்தேன். எவன் மிரட்ட வருகிறானோ என்று பாதி, அவர்தானோ என்று பாதி.

ஒரு மத்தியானம், நாற்பது வயதிருக்கும், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். டச் சரியில்லை போல, பாருங்க என்றார். பார்த்தேன். போனில் ஒரு குறையும் இல்லை. கால்குலேட்டரும் ஒன்றுதான் இருந்தது. அவர் தார்ப்பாயைப் பார்த்தார், திரும்பிக் கோபுரத்தைப் பார்த்தார், என்னைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். தூங்காத கண். எல்லாம் நல்லா இருக்குங்க, காசு வேணாம் என்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டு படி இறங்கியவர், ஹெல்மெட்டை மாட்டுவதற்கு முன் ஒருமுறை நின்றார்.

"மணி ஒண்ணரை ஆவுதே. சாப்டீங்களா?"

எங்கள் ஊரில் அதைக் கேட்காத ஆளே கிடையாது என்பதால் அவர் மேற்குதானா என்று சொல்ல முடியவில்லை, அன்றிலிருந்து யார் சாப்டீங்களா என்றாலும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது, வேலைதான் ஓடமாட்டேன் என்கிறது.