பெருமாள் காலடியில் கார் சாவி

பட்டனை அமுக்கிப் பூட்டும் கார் சாவி எங்கள் குன்னம் பக்கம் புதிதாக வந்திருந்த காலம். நாலு வயது மகளுக்கு முடி இறக்க, அரியலூர் தாண்டி ஒரு பெருமாள் கோயிலுக்கு வாடகைக் கார் பிடித்தோம். வண்டி வாங்கி பத்து நாள்கூட ஆகவில்லை. ஓட்டுநருக்குத் தலைகால் புரியவில்லை. "கள்ளச்சாவி போட்டா வண்டி கிளம்பாது சார். திருடன் தலைகீழா நின்னாலும் முடியாது" என்று வழியெல்லாம் அதே பேச்சு. ஏதோ என் சொந்த வண்டி மாதிரி எனக்கும் பெருமையாக இருந்தது.

மொட்டை போட்டபோது அழுத களைப்பில் மகள் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். "பாப்பாவப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மனைவி அர்ச்சனைத் தட்டு வாங்கப் போனாள். நான் எதிர்க்கடைக்கு டீ குடிக்க இறங்கினேன். நாலு எட்டுதானே என்ற அசட்டுத் தைரியம். புது வண்டிச் சாவியைப் பெருமாள் காலடியில் வைத்து வாங்கப் புறப்பட்ட ஓட்டுநர், நடந்தபடியே பட்டனை அமுக்கினார். குழந்தை உள்ளே இருப்பதை அவர் மறந்திருந்தார். வண்டி 'கீக்' என்றது. அதையும் ரசித்துக்கொண்டே டீயைக் குடித்து முடித்தேன்.

திரும்பி வந்தபோது மகள் கண்ணாடியில் அடித்துக்கொண்டு அழுதாள். நாலு கதவையும் இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. உச்சி வெயில். காரின் மேல் கை வைக்க முடியவில்லை.

கோயிலுக்குள் ஓடினேன். சாவி அர்ச்சகரோடு உள்ளே போய்விட்டது, சன்னிதிக் கதவைச் சாத்தி அலங்காரம் நடக்கிறது. வெளியே மேளம். நானும் ஓட்டுநரும் கத்தியது யார் காதிலும் விழவில்லை. இன்னொரு சாவி பெரம்பலூரில் முதலாளி வீட்டில் இருந்தது. ஓட்டுநர் கதவைத் தட்டிக்கொண்டே நிற்க, நான் காருக்கு ஓடி வந்தேன்.

மனைவி பெரிய சுண்ணாம்புக்கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வாடகை வண்டிடி. புதுசு. செத்த பொறு, சாவி வந்துடும்."

நான்தான் சொன்னேன். இதை எழுதும்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

உள்ளே அழுகை குறைந்தது. வேர்வையில் ஊறிய மொட்டைத் தலை கண்ணாடியில் சாய்ந்தது. கண் செருகியது. அப்போதும் நான் அவள் கையை விடவில்லை.

"கைய விடுய்யா!"

கல்யாணமான நாளிலிருந்து 'ங்க' போடாமல் அவள் என்னிடம் பேசியதே இல்லை. என் கையைக் கடித்து உதறிவிட்டு முன்கதவுக் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். மூன்றாவது அடியில் அது பொலபொலவென்று உதிர்ந்தது. கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்து குழந்தையை வாரி எடுத்தாள். டீக்கடைக்காரர் குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடைசியில் குழந்தை இருமிக்கொண்டு கண்ணைத் திறந்தாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஓட்டுநர் சாவியும் துளசியுமாக ஓடி வந்தார். உடைந்த கண்ணாடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லியே சார்?" என்று கேட்டு அழுதார்.

நான் எழுந்து போய் மகளிடம் கை நீட்டினேன். அவள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா வேணாம். அம்மா கண்ணாடிய ஒடைக்க வந்தாங்க, அப்பாதான் கையப் புடிச்சிக்கிட்டாரு."

மனைவி அவளை அதட்டவில்லை.