தீர்த்தத் தொட்டிக்குள் ஆளு

கத்தரீனாள் டீச்சருக்கு எதைக் கண்டாலும் ஆச்சரியம்தான். மூணாறுக்கு மேலே எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். தன்னுடைய புதுநன்மை அன்றைக்கே, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்குகிற அன்றைக்கே, வெள்ளைக் கவுனும் தலையில் பூமுடியுமாகக் கோயிலுக்குப் போகிற வழியில், தலைப்பிரட்டை பார்க்கிறேன் என்று ஓடையில் தொப்பென்று விழுந்தவளாக்கும்! இப்போது வயசு நாற்பது தாண்டியாச்சு. புத்தி மட்டும் அந்த ஓடையை விட்டுக் கரையேறவே இல்லை. வாரநாளில் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் பிள்ளைகளுக்கு வேதபாடம். அவளுக்கு இரண்டும் ஒரே வகுப்புதான்.

அன்றைக்கு உலகம் படைத்த பாடம். "காணுறது, காணாதது எல்லாம் ஆண்டவர் படைச்சது" என்று சொன்னதோடு விட்டிருக்கலாம். விடுவாளா? அட்டையை மடித்துச் செய்த சின்ன மைக்ராஸ்கோப் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தாள்.

"காணாததைக் காட்டுதேன். யாராவது ஓடிப்போய் ஒரு சொட்டுத் தண்ணி கொண்டாங்க."

ஜெனிட்டா என்கிற வாண்டு பறந்துபோய் விரல்நுனியில் ஒரு சொட்டோடு வந்தது. டீச்சர் அதைக் கண்ணாடியில் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அவளையே முதலில் பார்க்கச் சொன்னாள்.

"டீச்சர்! உள்ள ஆளு இருக்கு!"

டீச்சர் பார்த்தாள். செருப்பு மாதிரி ஒன்று உருண்டு புரண்டு நீந்துகிறது, பின்னாலேயே இன்னொன்று. "அடியாத்தீ!" என்று டீச்சரே ஒரு குதி குதித்தாள். பிள்ளைகள் முண்டியடித்துப் பார்த்து, வகுப்பே சந்தைக்கடை ஆனபிறகுதான் அவளுக்குக் கேட்கத் தோன்றியது.

"ஏட்டி, எங்கேருந்து எடுத்தெ?"

"கோயில் வாசல்ல, தீர்த்தத் தொட்டியில."

போச்சு! கோயிலுக்குள் போகிறவர்கள் எல்லாரும் விரலை முக்கிச் சிலுவை போட்டுக்கொள்கிற மந்திரித்த தண்ணீர் அது.

பூசை மணி அடித்தது. உள்ளே போன பிள்ளைகளில் ஒருத்தராவது தொட்டியில் விரல் வைக்கணுமே! ஒருத்தன் மட்டும் குனிந்து, தண்ணீருக்குள் இருக்கிறவர்களுக்கு ஒரு தோத்திரம் சொல்லிவிட்டுப் போனான். அடுத்து வந்தவர் கோயில் காரியங்களைக் கவனிக்கிற பங்குப் பேரவையின் செயலாளர் செல்லத்துரை. அவர் விரலை முக்கினாரோ இல்லையோ, ஜெனிட்டா கத்தினாள்: "பெரியப்பா, உள்ள ஆளு நீந்துது! நசுக்கிராதீங்க!"

பூசை முடிந்த கையோடு செல்லத்துரை சாமியாரிடம் போய் நின்றார். "தீர்த்தத்துல பூச்சின்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கா சாமி! இவளா புதுநன்மைக்குத் தயார் பண்ணுறது? இன்னையோட வேதபாடத்த விட்டு நிப்பாட்டுங்க."

கத்தரீனாள் மைக்ராஸ்கோப்பும் கையுமாக ஓடிவந்தாள். சம்பளமில்லாத வேலைதான். ஆனால் அந்த வகுப்பு இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

சாமியார் ஜோபி மலையாளி. "ஞான் ஒண்ணு நோக்கட்டே" என்று மைக்ராஸ்கோப்பை வாங்கினார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். "என்டெ ஈசோயே!" என்று இயேசுவையே கூப்பிட்டுவிட்டார்.

"மந்திரிச்ச தண்ணியில பூச்சி எப்படி சாமி உசுரோட கிடக்கும்?" என்றார் செல்லத்துரை.

"அண்ணாச்சி, தீர்த்தம் என்ன பினாயிலா?" கத்தரீனாளுக்குப் பயத்திலும் வாய் அடங்கவில்லை. "ஆசீர்வாதம் வாழ வைக்கத்தானே, சாகடிக்கவா? தொட்டியக் கழுவாம விட்டது நாம. அதுல வந்து குடியேறினதையும் படைச்சது அவருதான்."

ஜெனிட்டா சாமியாரின் அங்கியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்ப அதுகளுக்கு ஞானஸ்நானம் ஆயிருச்சா, சாமி?"

சாமியார் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செல்லத்துரை சிரிக்கவில்லை. மைக்ராஸ்கோப்பைப் பிடுங்கி ஒரு கண்ணை இடுக்கினார். "எங்க... ஒண்ணையும் காணலியே... ஏ! ஏ! ஓடுதான்! பின்னாலயே இன்னொருத்தன் வருதான்!"

"டீச்சரை நிறுத்தணுமோ?" என்று சாமியார் கேட்டார்.

"யாரு சொன்னா?" என்றார் செல்லத்துரை, கண்ணை எடுக்காமலே. அதை அவர் கையிலிருந்து வாங்குவதற்குள் பிள்ளைகளுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் பிள்ளைகள்தான் தொட்டியைத் தேய்த்துக் கழுவினார்கள். பழைய தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றி, "போயிட்டு வாங்க" என்று வழியனுப்பினார்கள்.

புதுநன்மை அன்றைக்கு வெள்ளை உடுப்புப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு கத்தரீனாள் வந்தாள். அவளுக்கு முன்னால் புதுவேட்டியில் செல்லத்துரை. தொட்டியில் தண்ணீர் பளிச்சென்று கிடந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குனிந்து தண்ணீரிடம் ரகசியமாகச் சொன்னார்:

"கொஞ்சம் தள்ளிக்கிடுங்கய்யா."

சொல்லிவிட்டுத்தான் விரலை வைத்தார். கத்தரீனாளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. அவளும் விரலை மெல்லத்தான் முக்கினாள்.